யானைக்கு ராத்திரி, எனக்கு ஒரு மூணு மணி நேரம்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. வழக்கம்போல ஆணி அதிகம். ஆனா இதை எழுதலைன்னா எனக்குத் தூக்கம் வராது. ஏற்கனவே பாதி வரலை.

மூணு வாரம் முன்னாடி, ஒரு சனிக்கிழமை காலைல, அஞ்செட்டி மலைப்பாதைல என் கண்ணு முன்னாடி நண்பர் சைக்கிளோட விழுந்தார். காரை எலும்பு முறிஞ்சிடுச்சு. நல்லவேளை அதோட போச்சு. இன்னும் ரெண்டடி தள்ளி விழுந்திருந்தா வேற மாதிரி எழுதிக்கிட்டு இருப்பேன், இல்லே எழுதவே மாட்டேன்.

முதல்ல இந்த சைக்கிள் பைத்தியம் எப்படி வந்ததுன்னு சொல்லிடறேன். பொம்மசந்திரா வந்து பதினாலு வருஷம் ஆச்சு. இங்கே இருக்கறவங்களுக்குத் தெரியும், இது ஊரு இல்லை, ஒரு பெரிய ஷிப்டு. காலைல ஆறு மணிக்கு ஒரு கூட்டம் உள்ளே போகும், இன்னொரு கூட்டம் வெளியே வரும். ஓசூர் ரோட்டுல லாரி ராத்திரி முழுக்க ஓடும். 2010ல எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் திறந்தாங்க, 2025 ஆகஸ்ட்ல மஞ்சள் லைன் மெட்ரோ வந்து எங்க ஏரியாவே கடைசி ஸ்டேஷன் ஆச்சு. ரெண்டும் நல்லதுதான். ஆனா கீழே ரோட்டுல வண்டி குறைஞ்ச மாதிரி எனக்குத் தெரியலை. நாப்பது வயசு தாண்டினதும் டாக்டர் சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குதுன்னு சொன்னார். "நடங்க" அப்படின்னார். எங்கே நடக்கறது? நடைபாதை மேல புரோட்டாக் கடை இருக்கு. தங்கமணி தான் "சைக்கிள் வாங்கித் தொலைங்க, அதுக்காவது ஊருக்கு வெளியே போகணும்ல" அப்படின்னா. வாங்கித் தொலைச்சேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எனக்கு ஊரு போடிநாயக்கனூர். அப்பாவோட ஹெர்குலஸ்ல குரங்குப் பெடல் போட்டு பழகினது குரங்கணி ரோட்டுல. (பேருப் பொருத்தம் தற்செயல் தான்!) ஒரு பக்கம் மாந்தோப்பு, ஒரு பக்கம் இலவம்பஞ்சு மரம், எதிரே மலை. தொண்ணூறுகள்ல அந்த ரோட்டுல அரை மணி நேரத்துக்கு ஒரு ஜீப் வந்தா அதிகம். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போற ஜீப். அது வர்றது ரெண்டு வளைவுக்கு முன்னாடியே கேக்கும், ஓரமா இறங்கி நின்னுப்போம். வண்டி இல்லாத மலை ரோடுன்னா என்னன்னு எனக்கு யாரும் விளக்க வேண்டாம். அது எனக்கு ஓசியில கிடைச்சது. என் பையனுக்குக் கிடைக்காது. அவனுக்குத் தெரிஞ்ச மலை சைக்கிள் சவாரி கொடைக்கானல் ஏரியைச் சுத்தி வாடகை சைக்கிள் ஓட்டினது தான். அஞ்சு கிலோமீட்டர் சுத்து. பின்னாடி கார்க்காரன் ஹாரன் அடிக்க அடிக்க, அவன் ஓட்ட, நான் பின்னாடியே "ஓரம் போ, ஓரம் போ"ன்னு கத்த, ஏரியை யாரும் பார்க்கலை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பொம்மசந்திராவுல இருந்து வண்டித் தொல்லை இல்லாம மலைக்கு சைக்கிள்ல போகணும்னா எங்களுக்குக் கிடைச்ச வழி தெற்கே தான். சந்தாபுரா, ஆனேக்கல், அப்புறம் தமிழ்நாட்டு எல்லை தாண்டி தளி, தேன்கனிக்கோட்டை. அங்கிருந்து அஞ்செட்டிக்கு இறங்கற பாதை. மேற்கே 260 சதுர கிலோமீட்டருக்கு பன்னேர்கட்டா தேசியப் பூங்கா. அதுக்குத் தெற்கே காடு விட்டு விட்டு நீண்டு காவிரி வரைக்கும் போகுது. தமிழ்நாட்டுப் பக்கம் 2014ல காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம்னு அறிவிச்சாங்க. நாங்க போற பாதை அந்தக் காட்டை ஒட்டியும் ஊடேயும் தான் போகுது. அப்படியே விட்டா நாட்றாம்பாளையம், ஒகேனக்கல். காலைல ஏழு ஏழரைக்கு அங்கே மூங்கில் வாசனையும் ஈர மண் வாசனையும் கலந்து வரும் பாருங்க... அதுக்காக ராகிக் களியைக் கூட மூணு வேளை சாப்பிடலாம்.

அன்னைக்கு இறக்கத்துல நண்பர் முன்னாடி, நான் அம்பது அடி பின்னாடி. இறக்கத்துல சைக்கிள்காரன் நிலைமை என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஏத்தத்துல எட்டு கிலோமீட்டர் வேகத்துல போறப்ப சைக்கிள் கோணல் மாணலாத் தான் போகும், நேரா ஓட்டவே முடியாது. இறக்கத்துல நேர் எதிர். நாப்பதுல போவோம், விரல் ரெண்டும் பிரேக்லயே இருக்கும், ரொம்ப நேரம் அழுத்திப் பிடிச்சா சூடாகும், விட்டு விட்டுப் பிடிக்கணும். வளைவுல உள்பக்கமா ஒடிக்க கொஞ்சம் இடம் வேணும். அந்த இடத்தைத் தான் பின்னாடி வந்த கார் எடுத்துக்கிச்சு. சுற்றுலா கோஷ்டி. பாட்டு சத்தம் ஜன்னல் வழியா கேட்டுச்சு. ஹாரன் அடிச்சாங்களான்னு கேட்டா, அடிச்சாங்க, வளைவுக்கு நடுவுல. நண்பர் சரளைல இறங்கினார், முன் சக்கரம் மாட்டிக்கிச்சு, அவ்வளவு தான். கார் நிக்கலை. பார்க்காமலே கூடப் போயிருக்கலாம்.

கன்னடக்காரர் அவர், விழுந்து கிடந்து கேட்ட முதல் கேள்வி "சைக்கிள் ஏனாயித்து குரு?" சைக்கிளுக்கு என்னாச்சாம்!

எங்களைத் தூக்கினது யாருன்னா, எதிரே தக்காளி ஏத்திக்கிட்டு மேலே வந்த மினி லாரிக்காரர். நாலு கிரேட்டை என் மடியில வச்சுக்கிட்டு, நண்பரை முன் சீட்டுல உட்கார வச்சு, தேன்கனிக்கோட்டை வரைக்கும் கொண்டு போய் விட்டார். காசு குடுத்தா வாங்கலை. "மார்க்கெட்டு டைம் போச்சு சார், அது பரவால்ல" அப்படின்னார். அது பரவால்லைங்கறது பொய்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தக்காளி நேரம் தப்பினா விலை தப்பும்.

இந்தத் தக்காளி வண்டியை ஞாபகம் வச்சுக்குங்க, திரும்ப வருது.

எங்க சைக்கிள் வாட்ஸப் குரூப்புல விஷயத்தைப் போட்டதும் கொதிச்சுட்டாங்க. நியாயம் தான். ஆனா கொதிச்சு முடிச்சு வந்த யோசனை என்னன்னா, "காட்டு ரோட்டையெல்லாம் விடியற்காலை அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் வண்டிகளுக்கு மூடிட்டு சைக்கிளுக்கு மட்டும் விடணும், மனு போடுவோம், கையெழுத்து போடுங்க." பந்திப்பூர்ல முடியுது, திம்பத்துல முடியுது, இங்கே ஏன் முடியாதுன்னு கேள்வி.

நான் கையெழுத்துப் போடலை. அதுக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். கூட விழுந்தவனுக்கு எலும்பு முறிஞ்சிருக்கு, நீ என்னய்யா ஆளுன்னு ஒருத்தர் கேட்டார். அதுக்குத் தான் இந்தப் பதிவு.

பந்திப்பூர்ல ராத்திரி ஒன்பதுல இருந்து காலை ஆறு வரைக்கும் ரோட்டை மூடறது 2009ல ஆரம்பிச்சது. 2010ல கர்நாடக உயர் நீதிமன்றம் அது சரின்னு சொல்லிச்சு. கேரளா பக்கம் வயநாட்டுக்காரங்களுக்கு அதுல இன்னும் மனக்குறை உண்டு. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துல பண்ணாரி - திம்பம் மலைப்பாதைக்கு, அதான் அந்த 27 கொண்டை ஊசி வளைவு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுல 2022 பிப்ரவரில இருந்து ராத்திரி தடை. இந்த ரெண்டும் யாருக்காக? யானை, புலி, சிறுத்தை, மான் வண்டியில அடிபட்டுச் சாகக்கூடாதுன்னு. ஒன்பது மணி நேரம் அதுங்களுக்குக் குடுத்திருக்காங்க. அதுல இருந்து எனக்கு மூணு மணி நேரம் வெட்டிக் குடுன்னு கேக்கறது, பசிக்கிறவன் தட்டுல இருந்து அப்பளத்தை எடுக்கற மாதிரி.

போன டிசம்பர்ல தளி தாண்டி ஒரு வனக்காவலர் எங்களை நிறுத்தினார். மழைக்காலம் முடிஞ்சு ராகி முத்தற நேரத்துல பன்னேர்கட்டா பக்கத்துல இருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி, சானமாவு காடுன்னு வருஷா வருஷம் வர்றது இங்கே எல்லாருக்கும் தெரியும். "கொஞ்சம் நில்லுங்க, கடக்குது" அப்படின்னார். நாங்க அரை மணி நேரம் நின்னோம். ஒண்ணும் தெரியலை, கிளை ஒடியற சத்தம் மட்டும். அப்போ அவர் சொன்னது தான் என் மண்டைல உட்கார்ந்துக்கிச்சு. "கார் வந்தா அதுங்களுக்கு ஒரு ஃபர்லாங் முன்னாடியே தெரியும் சார். ஒதுங்கும், இல்லே நிக்கும். உங்க சைக்கிள் சத்தமே போடாம கிட்ட வந்து நிக்கும். திடுக்குன்னு பார்த்தா அது என்ன செய்யும்னு அதுக்கே தெரியாது."

சத்தமில்லாம போறது தானே நம்ம பெருமை? அதே தான் அங்கே ஆபத்து. 2016 ஜூன்ல அமெரிக்காவுல, கிளேசியர் தேசியப் பூங்காவை ஒட்டின காட்டுப் பாதைல, இறக்கத்துல வேகமா வந்த சைக்கிள்காரர் வளைவுல நின்ன கரடி மேலயே மோதிட்டார். கரடி அவரை அடிச்சுக் கொன்னுடுச்சு. செத்தவர் வனத்துறையிலயே வேலை பார்த்த, அந்தக் காடு தெரிஞ்ச ஆளு.

அதே கிளேசியர் பூங்காவுல இன்னொரு விஷயமும் உண்டு. மலை மேல போற பெரிய ரோட்டுல வசந்த காலத்துல பனியை அள்ளித் தள்ளிக்கிட்டே போவாங்க. முழுசும் அள்ளி முடிக்கிற வரைக்கும் கார் விட மாட்டாங்க. ஆனா அள்ளி முடிச்ச தூரம் வரைக்கும் நடக்கறவங்களும் சைக்கிள்காரங்களும் போகலாம். கரடிக்கு மிளகு ஸ்ப்ரே எடுத்துக்கிட்டு, சத்தம் போட்டுக்கிட்டு போகச் சொல்லுவாங்க. சயன் பூங்காவுல 2000த்துல இருந்து சீசன் நேரத்துல பள்ளத்தாக்கு ரோட்டுல சொந்தக் கார் கிடையாது. பூங்கா பஸ்ஸு, சைக்கிளு, காலு. அவ்வளவு தான். அலாஸ்காவுல டெனாலி பூங்கா ரோடு 92 மைல், கோடைல சொந்தக் காருக்கு முதல் 15 மைல் தான், அதுக்கப்புறம் பஸ்ஸும் சைக்கிளும். ஸ்பெயின்ல 1993ல இருந்து கைவிட்ட ரயில் பாதைகளை எடுத்து 3,000 கிலோமீட்டருக்கு மேல சைக்கிள் பாதையா மாத்தியிருக்காங்க. ரயிலுக்குப் போட்ட பாதை, அதனால ஏத்தமும் நோகாது.

இதைப் படிக்கிறப்ப எனக்கு எங்க ஊரு ஞாபகம் தான். குரங்கணிக்கு மேலே டாப் ஸ்டேஷன் இருக்கு இல்லையா, அந்தப் பேரு ஏன்னு நிறைய பேருக்குத் தெரியாது. மூணாறுல இருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியா ஒரு குட்டி ரயில் ஓடிச்சு. தேயிலைப் பெட்டி அதுல வந்து டாப் ஸ்டேஷன்ல இறங்கி, ரோப்வேல தொங்கிக்கிட்டு எங்க ஊருப் பக்கம் கொட்டகுடிக்கு வரும். 1924 வெள்ளத்துல ரயில் பாதை போயிடுச்சு, அப்புறம் யாரும் திருப்பிப் போடலை. அது மாதிரி ஒரு பாதை ஸ்பெயின்காரன் கைல கிடைச்சிருந்தா... சரி விடுங்க, பெருமூச்சு.

இந்த வெளிநாட்டு உதாரணத்துல நான் பார்க்கறது ஒண்ணு தான். எங்கேயும் ரோட்டை மொத்தமா மூடலை. பஸ் ஓடுது. சொந்தக் கார்ல வேடிக்கை பார்க்க வர்றவனை மட்டும் இறக்கி பஸ்ஸுல ஏத்தறான். இங்கே நாம "வண்டி இல்லாத ரோடு"ன்னு கேக்கறப்ப அந்தத் தக்காளி வண்டியையும் சேர்த்துத் தான் நிறுத்தச் சொல்றோம். திம்பத்துல தடை வந்தப்ப தாளவாடி விவசாயிங்க தெருவுல இறங்கினாங்க. அவங்க காய்கறி ராத்திரி தான் மலை இறங்கியாகணும். யானைக்காக அந்தக் கஷ்டத்தை அவங்களைப் படச் சொல்றதே பெரிய விஷயம். என் தொப்பை குறையறதுக்காகப் படச் சொல்ல எனக்கு வாய் வரலை. அஞ்செட்டி ரோட்டுல பால் வண்டி இருக்கு, டவுன் பஸ் இருக்கு, பள்ளிக்கூடம் போற பசங்க இருக்காங்க. அந்த ரோடு அவங்களோடது. நான் சனிக்கிழமை விருந்தாளி.

அப்ப எனக்கு என்ன தான்யா வேணும்?

நந்தி மலை வேணும். 1,478 மீட்டர். மேலே போனா அங்கேயே முடியற ரோடு, வேற எந்த ஊருக்கும் போகாது. யானை வழித்தடம் இல்லை. மேலே தோட்டக்கலைத் துறைப் பூங்கா, திப்பு கோடைல தங்கின வீடு, கோயில், கொஞ்சம் கடை. ஏழெட்டு கிலோமீட்டர் ஏத்தம், பெங்களூர் சைக்கிள்காரங்க எல்லாருக்கும் அது தான் பரீட்சை ஹால். ஆனா ஞாயித்துக்கிழமை காலைல போய்ப் பாருங்க. சூரிய உதயம் பார்க்க காரும் பைக்கும் வரிசை கட்டி, கடைசி வளைவுல கால் ஊன்ற இடம் இல்லாம, புகையை மூச்சா இழுத்துக்கிட்டு நிக்கணும். மாசத்துல ஒரு ஞாயிறு, ஒரே ஒரு ஞாயிறு, விடியறதுல இருந்து மூணு மணி நேரம், கீழே இருந்து பஸ்ஸும் சைக்கிளும் நடக்கறவங்களும் மட்டும். கடைக்காரங்க சரக்கு வண்டி, ஊழியர் வண்டி போகட்டும். வயசானவங்க பஸ்ஸுல போகட்டும். பைக்குல வர்ற பசங்களுக்கும் சூரியன் சொந்தம் தான், நான் இல்லேங்கலை. மீதி ஞாயிறு எல்லாம் அவங்களுக்கு.

இது ஒண்ணும் ஆகாத காரியம் இல்லை. பெங்களூர்ல 2013 அக்டோபர்ல கப்பன் பார்க்குல சைக்கிள் தினம்னு ஆரம்பிச்சு, அப்புறம் எத்தனையோ ஏரியாவுல நடத்தினாங்க. தமிழ்நாட்டுல நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசம் இ-பாஸ் கொண்டு வந்தாங்க. 2025 கோடைல உயர் நீதிமன்றம் எண்ணிக்கையே போட்டுச்சு, ஊட்டிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000ன்னு. மலை தாங்காதுங்கறதை எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு. ஆனா பேச்சு முழுக்க எத்தனை கார் விடலாம்கறதுல தான் நிக்குது. கார் இல்லாம வர்றவனுக்கு என்ன குடுக்கலாம்னு யாரும் யோசிக்கற மாதிரி தெரியலை. கொடைக்கானல் ஏரி ரோட்டை ஒரு ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் குழந்தைங்களுக்கு விட்டா எத்தனை பேரு ஏரியைப் பார்ப்பாங்க!

நடக்கறவங்களுக்கு ஒரு வழி பொறந்திருக்கு. 2018 மார்ச்சுல எங்க குரங்கணிக் காட்டுத் தீயில இருபதுக்கும் மேல பேர் செத்தாங்க. நான் சைக்கிள் ஓட்டிப் பழகின ரோட்டுல அன்னைக்கு ஆம்புலன்ஸ் வரிசையா போனதை டிவில பார்த்தேன். அதுக்கப்புறம் மலையேற்ற விதி இறுகிச்சு. 2024 அக்டோபர்ல வனத்துறை பக்கத்துல இருந்து 40 பாதைக்கு ஆன்லைன்ல பதிவு பண்ணி, உள்ளூர் வழிகாட்டியோட போற திட்டம் வந்துச்சு. சாவு விழுந்தப்புறம் தான் வந்ததுங்கறது வயித்தெரிச்சல். சைக்கிளுக்கும் அதே மாதிரி நாலு பாதை, நேரம் குறிச்சு, ஆள் எண்ணி, யானை நடமாட்டம் இருந்தா அன்னைக்கு ரத்துன்னு சொல்லி விடலாம். வனக்காவலர் "இன்னைக்கு வேண்டாம்"னா திரும்பிடணும். அது தான் விதின்னா நான் முதல் ஆளா பணம் கட்டறேன். அந்த மனுவுல இதெல்லாம் எழுதியிருந்தா கையெழுத்தும் போட்டிருப்பேன்.

"நந்தி மலைக்கு நீ எப்படிப் போவே, பொம்மசந்திராவுல இருந்து நகரம் முழுக்கத் தாண்டணுமே?"ன்னு கேப்பீங்க. கேட்டுட்டா மட்டும்... ஆமாங்க, காருக்குப் பின்னாடி சைக்கிளைக் கட்டிக்கிட்டுத் தான். மலையடிவாரத்துல நிக்கற கார்ல என்னோடதும் ஒண்ணு. தங்கமணி இதைச் சொல்லிக் காட்டாத ஞாயிறு கிடையாது. :-)

நண்பருக்குக் கையைத் தூளி கட்டித் தொங்க விட்டிருக்காங்க, ஆறு வாரம். போன ஞாயிறு பார்க்கப் போயிருந்தேன். அவரோட அம்மா எனக்கு ஒண்ணும் சொல்லலை, காபி குடுத்தாங்க, ஆனா சைக்கிள் பேச்சு எடுத்தப்ப எழுந்து உள்ளே போயிட்டாங்க. அவர் மனுவுல கையெழுத்துப் போட்டுட்டார், இடது கையால. நான் ஏன் போடலைன்னு கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சு, "யானை சரி குரு, அந்தக் கார்?" அப்படின்னார். அதுக்கு எங்கிட்ட பதில் இல்லை.

அவர் சைக்கிள் இப்ப எங்க வீட்டு பால்கனில இருக்கு. முன் சக்கரம் எட்டு மாதிரி வளைஞ்சிருக்கு. நேத்து சந்தாபுரா சைக்கிள் கடைக்காரர்கிட்டே போட்டோ காட்டினேன். ரிம்மு போச்சு, கம்பி புதுசா கட்டணும், ஹப்பு தேறும்னார். எப்ப வேணும்னு கேட்டார். ஆறு வாரம் டைம் இருக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.